ஒரு வீட்டில் இரண்டு வயிறு

வயிற்றில் எது நடந்தாலும் அதற்கு வாய்க்குள் போன ஏதோ ஒன்றுதான் காரணம் என்று எங்கள் கரையில் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். வயிறு ஊதினால் பருப்பு, எரிந்தால் மிளகாய், கட்டினால் மரவள்ளிக்கிழங்கு. புண் ஆறாவிட்டால் கிரந்திச் சாப்பாடு. கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி, இறால், நண்டு, கணவாய் எல்லாம் கிரந்தி. புண்ணைக் கிளறும், சீழ் வைக்கும் என்பார்கள். கடற்கரையில் இருந்துகொண்டு இறாலும் நண்டும் கணவாயும் கூடாதென்றால் மனிசர் எதைத்தான் தின்பது என்று நான் ஒருமுறை கேட்டேன். மாமி, அதாவது என் கணவரின் தாய், என்னை ஒரு பார்வை பார்த்தார். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. முல்லைத்தீவுக் கரையோரம், மாதா கோயிலுக்குப் பின்னால், கிடுகு வேய்ந்த வீட்டில் நான், அவர், மாமி என்று மூன்று பேர் இருந்தோம். எங்களுக்குக் கலியாணம் முடிந்து கொஞ்சக் காலம்தான். ஒருநாள் காலையில் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய நோ, மத்தியானத்துக்குள் வலப்பக்கம் இறங்கியது. வாயுக்குத்து என்று மாமி உள்ளியும் ஓமமும் அவித்துத் தந்தார். மறுநாள் என்னால் நிமிர முடியவில்லை. பெற்றோல் கிடைக்காத காலம். மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு வானைப் பிடித்து, அதன் புகையைக் குடித்துக்கொண்டு, குழிக்குக் குழி முனகிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே குடல்வால் வெடித்துவிட்டது.

அறுத்துக் காப்பாற்றினார்கள். அந்த டொக்டரை இன்றைக்கும் நன்றியோடு நினைப்பேன். உள்ளே சீழ் பிடித்திருந்ததால் காயத்தை முழுதாகத் தைக்க முடியாது, அது அடியிலிருந்து தசை வளர்ந்து தானாக மூடவேண்டும் என்று அவர் விளங்கப்படுத்தினார். ஊரில் இருந்த டிஸ்பென்சரியில் ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டச் சொல்லி அனுப்பினார். நல்லாகச் சாப்பிட்டால் கெதியில் மூடிவிடும் என்றும் சொன்னார்.

மூடவில்லை. ஒரு கிழமை சிவப்பாகத் தசை வைக்கும், மறு கிழமை பழையபடி வெளிறிப்போய் நீர் வடியும். மருந்துத் துணி தட்டுப்பாடு என்பதால் கட்டிய துணியை மாமி அவித்து, வெயிலில் காயவைத்து, திரும்பக் கொண்டுபோவார். அவர் என்னைக் கவனித்த கவனிப்பில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். பத்தியத்தில் மட்டும் கையை வைக்க விடமாட்டார். புண் வெளிறும்போதெல்லாம் ஒரு கறி குறைந்தது. முதலில் கத்தரிக்காய் போனது. பிறகு சூரை மீன் போனது. பிறகு முட்டை. கடைசியில் புழுங்கலரிசிக் கஞ்சியும் சுட்ட உப்பும் மட்டும் எஞ்சின. அதுவும் எனக்குள் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை.

அந்த நாட்களில் கடலில் நேவி நின்றது. கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு அப்பால் போகக்கூடாது என்று தடை. மீனுக்கு அந்தத் தடை தெரியாதே. ஆகவே ஆட்கள் கொஞ்சம் தள்ளித்தான் போனார்கள். மெசினுக்கு எண்ணெய் இல்லை. சவள், அதாவது துடுப்பு, வலித்துப் போய், சவள் வலித்துத் திரும்பவேண்டும். பீரங்கிப் படகு வந்தால் சவளை வலித்துத் தப்ப முடியுமா? பின்னேரம் வலை கொண்டுபோனால் விடிந்த பிறகுதான் வருவார்கள். வராமல் விட்டவர்களின் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன.

அவர் பின்னேரம் வள்ளம் இறக்கப் புறப்படும்போதே என் வயிறு சுருண்டுவிடும். வாயில் உப்பு நீர் ஊறும். கஞ்சியைக் கண்டால் ஓங்காளம் வரும். விடிந்து, இடுப்பில் நனைந்த சாரத்தோடு அவர் வேலிப் படலையில் தெரிந்த பிறகுதான் ஒரு மிடறு தண்ணீர் உள்ளே இறங்கும். மாமி இதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார். புருசன் கடலில் இருக்கும்போது என் மருமகள் சோறு தொடமாட்டாள் என்று அயலுக்கெல்லாம் சொல்லிவைத்தார். என் ஓங்காளத்துக்கு ஊரில் அப்படி ஒரு மரியாதை கிடைத்தது.

அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று இப்போது கேட்பது லேசு. கடலுக்குப் போகிற ஆளிடம் பயமாக இருக்கிறது என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் சனத்தில் எழுதாத சட்டம். எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்றுகூடக் கேட்கமாட்டோம். வாயால் வந்தால் அது நடந்துவிடும் என்று ஒரு பயம். என் தாயும் சொல்லவில்லை, மாமியும் தன் காலத்தில் சொல்லவில்லை. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். அந்த நீள வாய்கூட இந்த ஒரு விசயத்தில் பூட்டித்தான் இருந்தது.

கடல் அடித்து, வள்ளம் இறக்க முடியாமல் கிடந்த ஒருநாள் அவரே என்னைச் சைக்கிளில் ஏற்றி மருந்து கட்டக் கொண்டுபோனார். டிஸ்பென்சரி நேர்ஸ் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பத்தியமாகத்தான் கொடுக்கிறோம் என்று அவர் பெருமையாகப் பத்தியத்தின் விவரத்தைச் சொல்லத் தொடங்கினார். நேர்ஸ் அவரை நிறுத்தினார்.

“பத்தியம் கிடக்கட்டும் தம்பி. சாப்பிடுறது இவாவுக்கு வயித்தில நிக்குதோ? இரவில நித்திரை கொள்ளுறாவோ?”

நான் முந்திக்கொண்டு ஓம் என்றேன். நேர்ஸ் என் விலா எலும்பைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

“சாப்பாடு உள்ள போனால்தான் தசை வளரும். மனம் பதறிக்கொண்டே இருந்தால் சாப்பாடும் செமிக்காது, புண்ணும் மூடாது. நான் எவ்வளவு மருந்து வைச்சும் பிரயோசனம் இல்லை. என்ன யோசனை எண்டு இவாவைக் கேட்டுப் பாருங்கோ.”

வரும் வழியில் அவர் கேட்டார். நான் ஒன்றுமில்லை என்றேன். வீட்டுக்கு வந்து தாயைக் கேட்டார். மாமி வழக்கமான பெருமையோடு சொன்னார், நீ கடலில் நிற்கிற நாளில் இவளுக்குத் தண்ணிகூட இறங்காது, நீ வந்து படலையைத் திறந்தால்தான் கஞ்சிக் கோப்பையை எடுப்பாள் என்று. அவர் முற்றத்தில் நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு கோயில் பக்கம் போனார்.

கடல் அமர்ந்தது. மற்ற வள்ளங்கள் இறங்கின. அவர் வலை பழுது என்றார். அடுத்த நாள் தோள் நோகிறது என்றார். அதற்கடுத்த நாள் சைக்கிளின் பின்னால் ஒரு மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். கரையில் மீன் எடுத்து உட்பக்க ஊர்களில் விற்கப் போகிறாராம். ஏன் என்று கேட்டேன்.

“இனிக் கடலுக்குப் போகேல்லயப்பா. இதில வாறதே எங்களுக்குக் காணும்.”

எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அன்றைக்குப் பின்னேரம் அவர் வீட்டில் இருந்தார். வேலியோரம் குந்தியிருந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டார். நான் கஞ்சி குடித்தேன், அது உள்ளேயே நின்றது. அடுத்த கிழமை சோறு கேட்டேன். மாமிக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டில் கத்தரிக்காய்க் குழம்புகூட வாங்கித் தின்றேன். ஒன்றும் செய்யவில்லை. புண் அடியிலிருந்து சிவந்து, மேலே வந்து, ஓரம் சுருங்கி மூடியது. நேர்ஸ் கடைசித் துணியைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவினார், இனி வரத்தேவையில்லை என்றார்.

அப்போதுதான் மாமி எனக்கு விசயத்தைச் சொன்னார். அன்றைக்குக் கோயிலுக்குப் போனவர் மாதாவின் முன்னால் முழங்காலில் நின்று நேர்த்தி வைத்திருக்கிறார். இவளின் புண்ணை ஆற்றித் தா, நான் இன்றையிலிருந்து கடலில் கால் வைக்கமாட்டேன் என்று. சொல்லும்போது மாமி அழுதார். தன் பரம்பரையில் கடலை விட்ட ஆம்பிளை இல்லை என்று அழுதாரா, மகன் மருமகளில் வைத்த அன்பை நினைத்து அழுதாரா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பெருமையாக இருந்தது. கலியாணத்தில் இருந்து எனக்கும் கடலுக்கும் ஒரு போட்டி. அதில் நான் வென்றுவிட்டேன் என்று அயலில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே பிடிக்கவில்லை.

மீன்பெட்டியோடு அவர் தினமும் காலையில் கரைக்குப் போனார். வள்ளங்கள் வரும்வரை வியாபாரிகளோடு மணலில் நிற்பார். முன்பு அவரோடு கடலுக்குப் போன ஆட்கள் இறங்கி வருவார்கள். முதலாளி வந்திட்டார், நல்ல மீனாய்ப் பார்த்துக் குடுங்கோ என்று பகிடி விடுவார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, கரையில் அப்படித்தான் கதைப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு பெட்டியை நிரப்புவார். பிறகு காட்டுப் பாதையில் மிதித்து உள்ளே போவார். அங்கே மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்கள் இருந்தன. மீன்காரத் தம்பி என்று அவரில் நல்ல பாசம். வெயிலுக்குள் வந்த ஆளை இருத்தி, ரொட்டியும் பால் விடாத பிளேன்ரீயும் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் பின்னேரம் வந்து அந்த ரொட்டியைப் பற்றியே கதை சொல்வார். தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டுச் சுட்ட ரொட்டி, நீயும் சுட்டுப் பார் என்பார்.

பிறகு அந்த ரொட்டி பேப்பரில் சுற்றியபடி வீட்டுக்கு வரத் தொடங்கியது. பசிக்கவில்லை என்றார். நான் தின்றேன். ருசியான ரொட்டி. நான்கைந்து தரம் அப்படி வந்த பிறகுதான், அவர் சாப்பிடுவதில்லை என்பது எனக்கு உறைத்தது.

நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்று தடவுவார். வெறுவயிற்றில் எரியும், சாப்பிட்டால் ஊதும். விடியற்காலையில், முன்பு வலை இழுக்கிற நேரத்துக்கு, தன்பாட்டில் முழிப்பு வந்து எழும்பி இருப்பார். கன்னம் ஒட்டியது. கரையில் பாரை மீன் முள்ளுக் குத்திய கை மாதக்கணக்கில் ஆறவில்லை. முன்பு எத்தனை முள்ளுக் குத்தியிருக்கும், உப்புத் தண்ணியில் இரண்டு நாளில் வாடிவிடும். அதே நேர்ஸிடம் கூட்டிக்கொண்டு போனேன். காஸ்ரிக், வயிற்றில் புண் என்று சொல்லி வெள்ளைக் குளிசை கொடுத்தார். நித்திரை வருதோ, ஏதும் யோசனையோ என்று அவரையும் கேட்டார். நித்திரை நல்லாக வருகிறது, யோசனை ஒன்றுமில்லை என்று அவர் சொன்னார். நான் அன்றைக்குச் சொன்ன அதே முகத்தோடு சொன்னார்.

மாமி திரும்பவும் பத்தியத்தைத் தொடங்கினார். இந்த முறை மகனுக்கு. மிளகாய் போனது, புளி போனது, கருவாடு போனது. நான் விட்டுவந்த கஞ்சிக் கோப்பை அவர் கைக்குப் போனது. நான் எதிரே இருந்து சோறு தின்றேன். எனக்கு வந்த நோயை அவரில் ஏற்றிவிட்டு நான் சுகமாக இருக்கிறேன் என்ற நினைப்பு அன்றைக்குத்தான் முதலில் வந்தது. அது வந்த பிறகு போகவேயில்லை.

கடலுக்குப் போங்கோ என்று நானே சொன்னேன். எங்கள் கரையில் எந்தப் பெண்ணும் புருசனிடம் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள். அவர் திடுக்கிட்டார்.

“நேர்த்தி எண்டால் விளையாட்டே? குடுத்த வாக்கைத் திருப்பி எடுத்தால் உன்ர புண் திரும்ப வாய் திறக்கும்.”

அவருக்கு அதுதான் பயம். எனக்காகத்தான் பயந்தார். புண் மூடியது மாதாவால் மட்டும் அல்ல, நீங்கள் வீட்டில் இருந்ததால், நான் நிம்மதியாகச் சாப்பிட்டதால் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் நான் போனால் நீ திரும்பவும் சாப்பிடமாட்டாயே என்று கேட்டார்.

பங்குச் சுவாமியிடம் போனேன். வைத்த நேர்த்தியை வேறொரு நல்ல காரியமாக மாற்ற வழி இருக்கிறது, ஆனால் வைத்த ஆளே வந்து கேட்கவேண்டும் என்றார். நான் எழும்பும்போது, உனக்குப் பயமில்லையா பிள்ளை என்று கேட்டார். இல்லைச் சுவாமி என்றேன். கோயிலுக்குள் நின்றுதான் சொன்னேன். சொல்லும்போது அதை உண்மை என்றும் நம்பினேன். புண் மூடிவிட்டது, வருசம் ஒன்று போய்விட்டது, நான் இப்போது வேறு ஆள் என்று நினைத்தேன்.

அவரைச் சம்மதிக்க வைப்பது பெரும்பாடாக இருந்தது. எனக்கு இப்ப பயமில்லை என்று காலையும் மாலையும் சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னேன், சினந்தும் சொன்னேன். கடைசியில் சுவாமியிடம் போனார். முதல் வலையில் படும் மீனை, இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்தில் இருந்த சனத்தின் சமையலுக்குக் கொடுக்கும்படி சுவாமி நேர்த்தியை மாற்றிவிட்டார். அவர் திரும்பி வந்த நடையே வேறு நடை. அன்றைக்கே வள்ளத்தைக் கவிழ்த்துப்போட்டுச் சுரண்டத் தொடங்கிவிட்டார். தார் காய்ச்சிப் பூசினார். வலையை வேலி நீளத்துக்கு விரித்து, கிழிசலைப் பொத்தினார். பொத்தும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தார், அதில் பாதி பிழை. கறியில் உறைப்புக் காணாது, இன்னும் வேண்டும் என்றார். மாமி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

கடலுக்குப் போகவிருந்த அன்று மத்தியானம் நான் பாரை மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தேன். அவர் கோப்பை நிறையச் சாப்பிட்டார்.

“இன்னும் கொஞ்சம் போடு,” என்றார். ஒரு வருசமாக அந்த வார்த்தையை நான் கேட்கவில்லை.

கடலுக்குக் கொண்டுபோகிற சோற்றை ஒரு தூக்குச்சட்டியில் போட்டு, மீனை மேலே வைத்து மூடினேன். வெயில் சாயத் தொடங்கியபோது அவர் சவளைத் தோளில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார். நான் படலையில் நின்றேன். முகத்தைச் சரியாக வைத்திருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் ஒழுங்கையின் முடக்கில் திரும்பி ஒருதரம் பார்த்தார், நானும் தலையாட்டினேன். அவர் மறைந்த கையோடு என் வாய் உப்பு நீரால் நிறைந்தது. குசினிக்குப் பின்னால் ஓடினேன். வாழையைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியில் வருகிற மாதிரிச் சத்தி எடுத்தேன். பழைய தழும்பு இழுத்துப் பிடித்தது.

யாரோ பின்னால் வந்து என் நெற்றியைப் பிடித்தார்கள். மாமி என்று நினைத்தேன். கை பெரிதாக இருந்தது. அவர்தான், சோற்றுச்சட்டியை மறந்துவிட்டு அதை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார்.

வாளியில் தண்ணீர் அள்ளி என் முகத்தைக் கழுவிவிட்டார். கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளேல்லைப் போல என்று நான் சொன்னேன்.

“கத்தரிக்காய் ஒண்டும் செய்யேல்லையப்பா,” என்றார். “நான் போகேல்ல. நீ உள்ள வந்து படு.”

நான் அழுதேன், கெஞ்சினேன், போங்கோ போங்கோ என்று தள்ளினேன். அவர் சவளைக் கொண்டுபோய்க் கூரைக்குள் செருகினார். கரையிலிருந்து கூப்பிட வந்த ஆளிடம் தனக்குச் சுகமில்லை என்று சொல்லி அனுப்பினார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் கடலுக்குப் போகவில்லை. சுவாமி நேர்த்தியை எடுத்துவிட்டார், என் வயிறு அதைத் திரும்பக் கட்டிவிட்டது. பிறகு நாங்களும் இடம்பெயர்ந்தோம், வள்ளம் பூசிய தாரோடு கரையிலேயே கிடந்தது. போன இடமெல்லாம் அவர் வெள்ளைக் குளிசையைத் தேடி அலைந்தார். ஒருமுறை இரத்தமாகச் சத்தி எடுத்தார். என்னைப் பழித்து ஒரு சொல் சொன்னதில்லை. மனிசன் ஒருதரமாவது ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாயை அடக்கப் பழகினேன், முகத்தையும் பழக்கினேன். வயிற்றை மட்டும் என்னால் பழக்க முடியவில்லை, அதுதான் என் கவலை.

அவர் சவளைக் கூரைக்குள் செருகிய அன்றைக்கு, பொழுது சாய்ந்த பிறகு மாமி அடுப்பை மூட்டினார். என்ன வேண்டும் என்று மகனைக் கேட்டார். அவர் நெஞ்சுக்குக் கீழே தடவிக்கொண்டு, கஞ்சி காணும், வேறொன்றும் வேண்டாம் என்றார். பிறகு என் பக்கம் பார்த்து, நீ சாப்பிடு, வெறுவயிறாய் இருக்காதே என்றார். தூக்குச்சட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவர் பக்கத்தில் இருந்தார், கடல் அங்கே இருந்தது, எனக்கு அகோரப் பசி எடுத்தது. அவர் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்க, கடலுக்கென்று கட்டிய சோற்றை நான் ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தேன்.